செலவு குறைந்ததா, கை மாறியதா?

வயர்லெஸ் கருவிகளின் மின்செலவைப் பற்றி எழுத பி.காம். மாணவனுக்கு என்ன வேலை என்று கேட்கப் போகிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் உள்ளே இருப்பது அத்தனையும் நம் காஸ்ட் அக்கவுண்டிங் பாடம். மாறாச் செலவு இருக்கிறது, மாறும் செலவு இருக்கிறது, பிரேக் ஈவன் புள்ளி இருக்கிறது, பொதுச் செலவை யார் தலையில் கட்டுவது என்ற பழைய சண்டையும் இருக்கிறது. ரூபாய் என்ற இடத்தில் ஜூல் என்று போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எனவே தைரியமாக ஆரம்பிக்கிறேன்.

சொல்ல வருவது ஒன்றே ஒன்று. "எங்கள் முறையில் இவ்வளவு சதவீதம் மின்சாரம் மிச்சம்" என்று யார் சொன்னாலும், அந்தச் செலவு உண்மையிலேயே குறைந்ததா, இல்லை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறியதா என்று கேட்டுவிட்டுத்தான் கைதட்ட வேண்டும். மொத்தத்தில் மிச்சம் என்பது பாதிப் பதில். யார் பேட்டரியில் வரவு, யார் பேட்டரியில் பற்று என்பது மீதிப் பாதி.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரு காட்டிலோ வயலிலோ பாலத்திலோ நூறு சின்னக் கருவிகளைப் பரப்பி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் வெப்பத்தையோ ஈரத்தையோ அதிர்வையோ அளக்கும் ஒரு சென்சார், ஒரு சிறிய சிப், ஒரு ரேடியோ, இரண்டு பென்டார்ச் செல். வயர் கிடையாது, பிளக் பாயிண்ட் கிடையாது. ஓரத்தில் எங்கோ கரண்ட் கனெக்‌ஷனோடு ஒரு தலைமை நிலையம் இருக்கிறது. அளந்த தகவல் எல்லாம் ரேடியோ மூலம் அங்கே போய்ச் சேர வேண்டும். செல் தீர்ந்தால் கருவியின் கதை முடிந்தது. இந்தக் கருவி ஒவ்வொன்றையும் கணு என்று அழைப்போம்.

இங்கே மூன்று முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கணுவும் எவ்வளவு சத்தமாகப் பேசுவது, அதாவது எவ்வளவு சக்தியில் ஒலிபரப்புவது? காதுக்கு எட்டுகிற அத்தனை பேரிலும் யாரோடு மட்டும் தொடர்பு வைத்துக்கொள்வது? யார் விழித்திருப்பது, யார் தூங்குவது? இப்படித் திட்டமிட்டு வலையின் வடிவத்தையே நமக்கு வேண்டியபடி அமைப்பதற்குத்தான் டோபாலஜி கன்ட்ரோல் என்று பெயர். முதல் இரண்டு மட்டும்தான் டோபாலஜி கன்ட்ரோல், தூக்கம் வேறு துறை என்று பிரித்துப் பேசுகிறவர்களும் உண்டு. பேட்டரிக்கு அந்தப் பாகுபாடு தெரியாது என்பதால் நான் மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கம்பி வலையில் இந்தக் கேள்வி ரொம்பப் பழையது. 1926-ல் ஓட்டகார் போருவ்கா என்ற செக் நாட்டுக் கணித மேதை, மொராவியா பகுதி ஊர்களுக்கெல்லாம் மிகக் குறைந்த செலவில் மின்கம்பி இழுப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை கண்டார். எந்த ஊரும் விடுபடக் கூடாது, தேவையில்லாத கம்பி ஒன்றுகூட இருக்கக் கூடாது. விடை, கிளை பிரியும் மரம் மாதிரி ஓர் அமைப்பு. வயர்லெஸ்காரர்களும் பிற்காலத்தில் இதே மர யோசனையைக் கையில் எடுத்தார்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மின்கம்பியில் செலவு கம்பியில் இருக்கிறது. இழுத்து முடித்துவிட்டால் நடுவில் இருக்கும் ஊருக்குத் தனியாக நஷ்டம் ஒன்றும் இல்லை. வயர்லெஸ்ஸிலோ கம்பியே கிடையாது. செலவு முழுக்க இரண்டு முனைகளிலும் இருக்கும் கணுக்களின் பேட்டரியில் இருக்கிறது. மரத்தில் கிளை பிரியும் இடத்தில் மாட்டிக்கொண்ட கணு ஊருக்கெல்லாம் உழைத்துத் தேய்கிறது. கம்பிக்காரர்களின் சிக்கனத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இந்தத் தேய்மானம் கணக்கிலேயே வராது.

நாற்பத்தைந்து மீட்டர் கணக்கு

ரேடியோ அலை போகப் போக மெலியும். தடையில்லாத வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்கு சக்தி வேண்டும். தரையோரமாக, மரமும் சுவரும் இருக்கிற இடத்தில் நிலைமை இன்னும் மோசம், பதினாறு மடங்குகூட ஆகலாம். ஆகவே நூறு மீட்டருக்கு ஒரே கத்தாகக் கத்துவதைவிட நடுவில் ஒருவரை நிறுத்தி ஐம்பது ஐம்பதாகச் சொல்லியனுப்புவது லாபம் என்று தோன்றும். டோபாலஜி கன்ட்ரோலின் முதல் பாடம் இதுதான்.

இதை எண்களில் போட்டுப் பார்த்துவிடலாம். 2000-ல் எம்.ஐ.டி.யிலிருந்து வெண்டி ஹெய்ன்செல்மன், அனந்த சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் மூவரும் சேர்ந்து லீச் என்ற முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். (ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.) அதில் எளிமையான ஒரு செலவுக் கணக்கு வருகிறது. ஒரு பிட் தகவலை அனுப்பினாலும் சரி, பெற்றாலும் சரி, ரேடியோ சர்க்யூட்டுக்கு 50 நானோ ஜூல் கட்டணம். இது மாறாச் செலவு. அனுப்பும்போது மட்டும் இதற்கு மேல் இன்னொரு கட்டணம் உண்டு: தூரத்தை அதே தூரத்தால் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கு நானோ ஜூல். இது மாறும் செலவு. தலைமை நிலையம் கரண்டில் ஓடுவதால் அது பெறும் செலவை விட்டுவிடுவோம்.

100 மீட்டருக்கு நேரடியாக அனுப்பினால் 50-ம் 1,000-மும் சேர்த்து 1,050. நடுவில் ஒரு கணுவை வைத்தால் முதல் தாவலுக்கு 300, நடுக்கணு பெறுவதற்கு 50, அது மறுபடி அனுப்ப 300. ஆக 650. நல்ல லாபம்.

அதே யோசனையை 20 மீட்டருக்குப் போடுங்கள். நேரடியாக என்றால் 90. நடுவில் ஆள் வைத்தால் 60, 50, 60 என்று 170. கிட்டத்தட்ட இரு மடங்கு நஷ்டம். மாறும் செலவில் மிச்சம் பிடிக்கப் போய் மாறாச் செலவை மூன்று தடவை கட்டியிருக்கிறோம். லாபமும் நஷ்டமும் இல்லாத பிரேக் ஈவன் தூரம் எது என்று பார்த்தால் சுமார் 45 மீட்டர் வருகிறது. அதற்குக் கீழே இடையில் ஆள் வைப்பது வீண் ஆடம்பரம்.

இப்போது லாபமாக வந்த 100 மீட்டர் கணக்கையே இன்னொரு தடவை பாருங்கள். மொத்தத்தில் 400 மிச்சம், சரி. ஆனால் அனுப்பியவருக்கு 1,050 ஆக இருந்த செலவு 300 ஆகிவிட்டது, அவருக்கு 750 மிச்சம். நடுவில் நின்றவருக்குப் பூஜ்யமாக இருந்த செலவு 350 ஆகியிருக்கிறது. அவருக்கு இதில் சொந்த வேலை எதுவும் இல்லை. மொத்தக் கணக்கு மட்டும் எழுதினால் இந்த 350 கண்ணிலேயே படாது. "மிச்சம்" என்ற ஒரே வார்த்தைக்குள் ஒருவர் சேமிப்பும் இன்னொருவர் கடனும் சேர்ந்து ஒளிந்திருக்கின்றன.

கேட்பதற்கும் காசு

மேலே சொன்னது காகிதக் கணக்கு. நிஜ சிப் எப்படி என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். 2000-களின் நடுவில் ஆராய்ச்சிக் கூடங்களில் பரவலாகப் புழங்கிய ரேடியோ சிப் சிசி2420. சிப்கான் நிறுவனம் தயாரித்தது. அதன் தகவல் ஏட்டில் உள்ளபடி, 1 மில்லி வாட் சக்தியில் ஒலிபரப்பும்போது 17.4 மில்லி ஆம்பியர் இழுக்கும். சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தால், அதாவது ஒலிபரப்பு சக்தியை முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோனால், 8.5 மில்லி ஆம்பியர். சத்தம் முந்நூறு மடங்கு குறைந்தும் பில் பாதியாகத்தான் குறைகிறது. மாறாச் செலவு என்றால் இதுதான்.

அதைவிட ஆச்சரியம் அடுத்த வரியில் இருக்கிறது. பெறும்போது அந்தச் சிப் இழுப்பது 18.8 மில்லி ஆம்பியர். பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம்! அதுவும், யாராவது பேசினால்தான் செலவு என்றில்லை. யாராவது பேசக்கூடும் என்று காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே மீட்டர் ஓடும். ஆட்டோவின் வெயிட்டிங் சார்ஜ் மாதிரி.

இது அந்தக் காலத்துச் சிப்பின் குறை என்று தள்ளிவிட முடியாது. பின்னால் வந்த நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52832 சிப்பில் அதே 1 மில்லி வாட் ஒலிபரப்புக்கு 5.3 மில்லி ஆம்பியர், பெறுவதற்கு 5.4. எல்லாமே மூன்றில் ஒரு பங்கைவிடக் கீழே வந்துவிட்டன. ஆனால் பேச்சுக்கும் கேட்புக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கிறது.

ஆக, சத்தத்தைக் குறைத்தால் மிச்சம் என்பது கால்வாசி உண்மை. ரேடியோவை முழுக்க அணைத்துத் தூங்கினால்தான் நிஜமான மிச்சம். ஒரு ஜோடி பென்டார்ச் செல்லில் 2,500 மில்லி ஆம்பியர் மணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிசி2420-ஐ இடைவிடாமல் கேட்கவிட்டால் 133 மணி நேரத்தில், அதாவது ஐந்தரை நாளில் செல் காலி. நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருக்கச் சொன்னால், ரேடியோ கணக்குப்படி ஒன்றரை வருடம் வரும். ஐந்தரை நாள் எங்கே, ஒன்றரை வருடம் எங்கே!

ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கினால் தகவலை யார் கடத்துவது? இதற்கு 2001-ல் இரண்டு நல்ல யோசனைகள் வந்தன. ஜாஃப் என்ற முறையில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரே கட்டத்துக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் மாற்றாள். ஒருவர் விழித்திருந்தால் போதும், மற்றவர்கள் தூங்கலாம். அப்புறம் முறை மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னொன்று ஸ்பேன். அதில் ஒவ்வொரு கணுவும் தன் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் நேரடியாகவோ ஏற்கெனவே விழித்திருப்பவர்கள் ஓரிருவர் மூலமாகவோ பேசிக்கொள்ள முடிகிறதா என்று பார்க்கும். முடியவில்லை என்றால் மட்டும் தானே முன்வந்து விழித்திருக்கும். பேட்டரி அதிகம் மிச்சம் உள்ளவர் முதலில் முன்வரும்படி ஏற்பாடு. வசதி உள்ளவர் அதிகம் சுமக்கட்டும் என்ற கொள்கை. என் கட்சியும் இதுதான்.

ஒரு தீவில் நடந்தது

இதெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த கணக்கு, களத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடலோரத்தில் கிரேட் டக் தீவு என்று ஒன்று. ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடல்பறவை அங்கே மண்ணில் வளை தோண்டிக் கூடு கட்டும். மனிதர்கள் அடிக்கடி போய் வளையை எட்டிப் பார்த்தால் பறவைக்குத் தொந்தரவு. எனவே 2002-ல் பெர்க்லியில் இருந்த இன்டெல் ஆராய்ச்சிக் கூடமும் காலேஜ் ஆஃப் தி அட்லான்டிக்கும் சேர்ந்து 32 கணுக்களை அங்கே வைத்தன. வளைக்குள் வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, பறவை உள்ளே இருக்கிறதா என்பதெல்லாம் ரேடியோ வழியாக வந்தன.

2003 கோடையிலும் இலையுதிர்காலத்திலும் இன்னும் பெரிதாக, 150 கருவிகளோடு நான்கு மாதம் நடத்தினார்கள். இந்த முறை இரண்டு வகை வலை. ஒன்றில் கணுக்கள் ஒரே தாவலில் தகவலைச் சேர்த்துவிடும். இன்னொன்றில் ஒன்றிடமிருந்து ஒன்றாகக் கைமாற்றி அனுப்பும். எல்லாம் முடிந்த பிறகு, 2004-ல் அவர்களே எழுதிய ஆய்வறிக்கையில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள்: ஒரு தாவல் வலையின் ஆயுளைச் சரியாகக் கணித்திருந்தோம், பல தாவல் வலையில், தனக்கு வராத செய்தியையும் ஒட்டுக்கேட்பதால் ஆகும் செலவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம்.

எவ்வளவு சாதாரணமான காரணம் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் செய்தி என் காதிலும் விழுகிறது. எனக்கானது இல்லை என்று தெரிந்துகொள்ளவே நான் கேட்டாக வேண்டும். கேட்டால் காசு. தெருவில் இரண்டு பேர் பேசிக்கொள்வதற்கு அந்தத் தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் பில் வருகிற மாதிரி. திட்டம் போடும்போது அனுப்புகிறவர், பெறுகிறவர் என்று இரண்டு பத்தி மட்டும் எழுதினால் இந்த மூன்றாம் நபரின் செலவு எங்கேயும் ஏறாது. நம் பொருளாதாரப் பாடத்தில் புறவிளைவு என்று வருமே, தொழிற்சாலைப் புகைக்குப் பக்கத்து ஊர் கொடுக்கும் விலை, அதேதான்.

வாசலோரம் இருப்பவர் பாடு

இனி ஒரு சின்ன மாதிரிக் கணக்கு. பத்து கணுக்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. வரிசையின் ஒரு முனையில் தலைமை நிலையம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கணுவும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும், பக்கத்துக் கணு வழியாகக் கைமாற்றித்தான் போகும். அனுப்புவதற்கும் பெறுவதற்கும் தலா ஒரு அலகு செலவு என்று வைப்போம். ஒவ்வொரு பேட்டரியிலும் 1,900 அலகு.

கடைசியில் நிற்கும் கணுவுக்கு ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு அலகு செலவு. தன் செய்தியை அனுப்பிவிட்டால் அதன் வேலை முடிந்தது. நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கணுவோ ஒன்பது செய்தி பெற்று, தன்னுடையதையும் சேர்த்துப் பத்து அனுப்ப வேண்டும். ஆக 19. பத்து பேருக்கும் சேர்த்து 100, சராசரி 10.

சராசரிப்படி பார்த்தால் வலை 190 சுற்று வாழ வேண்டும். ஆனால் வாசலோரக் கணு சரியாக நூறாவது சுற்றில் செத்துவிடும். அது போனால் பின்னால் இருக்கும் ஒன்பது பேருக்கும் வழி அடைபட்டது. அந்த நேரத்தில் கடைசிக் கணுவின் பேட்டரியில் இன்னும் 1,800 அலகு அப்படியே இருக்கிறது. எல்லாப் பேட்டரியிலும் மிச்சம் இருப்பதைக் கூட்டினால் 9,000. ஆரம்பத்தில் போட்ட 19,000-ல் ஏறக்குறைய பாதி யாருக்கும் பயன்படாமல் முடங்கிக் கிடக்கும். சராசரியை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான்.

இந்த இடத்தில்தான் "மொத்தச் செலவைக் குறை" என்ற கோஷம் அடிபட்டுப் போகிறது. தூரத்தில் இருப்பவர்கள் எப்போதாவது சில சுற்றுகளில், தங்களுக்குச் செலவு அதிகமானாலும், நேரடியாக நிலையத்துக்கே கத்தி அனுப்பிவிட்டால் வாசலோரக் கணு அந்த நேரம் மூச்சு வாங்கும். மொத்தச் செலவு கூடும். வலையின் ஆயுளும் கூடும்! நிலையத்துக்குப் பக்கத்தில் கூடுதல் கணுக்களை வைப்பதும், நிலையத்தையே அவ்வப்போது இடம் மாற்றுவதும் இதே ரகம். மொத்தத்தில் கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை, பாரம் ஒரே தோளில் விழக் கூடாது.

மேலே சொன்ன லீச் முறையின் அழகும் இதில்தான் இருக்கிறது. கணுக்கள் குழுவாகச் சேர்ந்துகொள்ளும். குழுத் தலைவர் மட்டும் எல்லோருடைய தகவலையும் வாங்கிச் சுருக்கி நிலையத்துக்கு அனுப்புவார். தலைவர் வேலை பேட்டரியைத் தின்னும் வேலை. எனவே தலைமை சுற்றி வரும். நூறு கணுவில் சுமார் ஐந்து பேர் ஒரு சுற்றுக்குத் தலைவர் என்றால், ஒரு தடவை இருந்தவர் அடுத்து எல்லோரும் இருந்து முடிக்கும் வரை, அதாவது இருபது சுற்று முடியும் வரை, மறுபடி தலைவர் ஆக முடியாது. நம் ஊர்க் குலுக்கல் சீட்டு தெரியுமல்லவா? ஒரு முறை சீட்டு எடுத்தவர் பெயர் அந்தச் சீட்டு முடியும் வரை குலுக்கலில் போடப்படாது. அதே ஏற்பாடு. இங்கே விழுவது பணமில்லை, பாரம்.

லீச்சிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. எல்லோரும் ஒரே அளவு பேட்டரியோடு ஆரம்பிக்கிறார்கள், எந்தத் தலைவரும் நேரடியாக நிலையத்தை எட்ட முடியும் என்று அது நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் ஒருவர் பக்கத்தில் இருப்பார், ஒருவர் பள்ளத்தில் இருப்பார். எல்லோருக்கும் சமமான முறை என்பது எல்லோருக்கும் சமமான பாரம் ஆகிவிடாது. அந்த வகையில் மிச்ச பேட்டரியைக் கேட்டுவிட்டு வேலை கொடுக்கும் ஸ்பேன் ஒரு படி மேல் என்பேன்.

டவர் தூங்கினால்

காட்டில் இருக்கும் கணுவைப் பற்றி நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பகுதி. இதே கேள்வி நம் பாக்கெட்டில் இருக்கும் செல்போனிலும் இருக்கிறது.

ஐரோப்பாவில் 2010 முதல் 2012 வரை எர்த் என்ற ஆய்வுத் திட்டம் நடந்தது. மொபைல் டவர்களின் மின்செலவை அளந்து ஒரு கணக்குச் சூத்திரம் கொடுத்தார்கள். பெரிய டவரில் உள்ள ஒரு டிரான்சீவருக்கு, யாரும் பேசாமல் சும்மா இருக்கும்போதே 130 வாட். முழு வேகத்தில் வேலை செய்யும்போது 224 வாட். தூங்க வைத்தால் 75 வாட். ஆளில்லாத கடைக்கு முக்கால்வாசி வாடகை, லைட் பில் என்று போவதைப் போல, ராத்திரி மூன்று மணிக்கும் பாதிக்கு மேல் செலவு போய்க்கொண்டே இருக்கிறது.

ஆகவே ராத்திரியில் சில டவர்களை அல்லது அவற்றின் சில அலைவரிசைகளைத் தூங்க வைத்துவிட்டு, பக்கத்து டவர் அந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. செல் ஜூமிங் என்ற பெயரில் 2010-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். 5ஜி வந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. பெயர் எதுவானாலும் இதுவும் டோபாலஜி கன்ட்ரோல்தான். யார் விழித்திருப்பது, யார் எவ்வளவு தூரம் பேசுவது என்ற அதே முடிவுகள்.

நான் இதற்கு எதிரி இல்லை. நம் நாட்டில் டவர்கள் எரிக்கும் டீசல் எவ்வளவு பெரிய பிரச்சினை என்றால், கிராமத்து டவர்களில் பாதியும் நகரத்து டவர்களில் ஐந்தில் ஒன்றும் 2015-க்குள் புதுப்பிக்கத்தக்க சக்தியோடு சேர்ந்த கலப்பு மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2012 ஜனவரியில் உத்தரவு போட வேண்டியிருந்தது. தூங்குகிற டவர் குறைவாகவே டீசல் குடிக்கும். நல்லதுதான்.

ஆனால் நம் கேள்வியை இங்கேயும் கேட்போம். பக்கத்து டவர் தூங்கிவிட்டால் என் போன் தூரத்து டவரோடு பேச வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் போன் நான்கு மடங்கு முதல் பதினாறு மடங்கு வரை சத்தமாகப் பேச வேண்டும். வழக்கமான எல்டிஇ போன் அதிகபட்சம் 200 மில்லி வாட் வரை ஒலிபரப்பலாம். அதையும் எட்டிவிட்டால் வேகம் குறையும். அதே போட்டோவை அனுப்ப அதிக நேரம் ரேடியோ எரியும். கம்பெனியின் கரண்ட் பில்லில் வரவு, போன் பேட்டரியில் பற்று.

"அடப்பாவி, நூறு வாட் மிச்சம் பிடிக்கிற இடத்தில் போனின் 0.2 வாட்டைப் போய்ப் பேசுகிறாயே" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. வாட் கணக்கில் அவர் சொல்வதுதான் சரி. ஆனால் எல்லா வாட்டுக்கும் ஒரே விலை இல்லை. மேலே சொன்ன பென்டார்ச் ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,500 மில்லி ஆம்பியர் மணி, 3 வோல்ட் என்றால் 7.5 வாட் மணி. ஜோடி 60 ரூபாய் என்று வைத்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 133 ஜோடி, 8,000 ரூபாய். வீட்டுக் கரண்ட் யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் எண்ணூறு மடங்கு வித்தியாசம். அதோடு செல் மாற்றத் தீவுக்குப் போகிற படகுச் செலவும், கூட்டைவிட்டுப் பறந்துபோகிற பறவையும் இதில் சேரவில்லை. போன் பேட்டரி சார்ஜ் செய்யக்கூடியது, இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பழைய போன், தளர்ந்த பேட்டரி, டவர் எல்லைக்கு ஓரமாக ஒரு ஊர், ராத்திரி ஒரு அவசர அழைப்பு என்று வந்துவிட்டால் அந்தக் கடைசி ஐந்து சதவீத சார்ஜின் விலையை யூனிட்டுக்கு இவ்வளவு என்று போட முடியாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒரே இடத்தில் கூட்டத்தைச் சமாளிப்பதற்காகப் போட்ட கூடுதல் செல்களை முதலில் தூங்க வைக்கலாம். அவை அணைந்தாலும் பரப்பைப் பார்த்துக்கொள்ளும் செல் அங்கேயே விழித்திருக்கும், போனுக்குப் பெரிய பாரம் ஏறாது. ஓரத்து ஊருக்கு இருக்கிற ஒரே செல்லைக் கடைசியில் தொட வேண்டும், முடிந்தால் தொடவே கூடாது. கொஞ்சம் குறைவாகத்தான் மிச்சம் வரும். ஆனால் அது நிஜமான மிச்சம்.

மூன்று கேள்விகள்

எனவே நண்பர்களே, அடுத்த தடவை யாராவது மின்சிக்கன வயர்லெஸ் திட்டம் என்று வந்தால், புராஜெக்ட் செய்யும் நம் இன்ஜினியரிங் நண்பர்களாக இருந்தாலும் சரி, பெரிய கம்பெனியாக இருந்தாலும் சரி, மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: கேட்கும் செலவையும் ஒட்டுக்கேட்கும் செலவையும் சேர்த்தீர்களா, இல்லை பேசும் செலவை மட்டும் எழுதினீர்களா? கிரேட் டக் தீவில் கெட்டிக்காரர்களுக்கே தவறிய இடம் அது.

இரண்டு: சராசரியைச் சொல்லாதீர்கள். முதலில் தீரப்போகும் பேட்டரி யாருடையது, எந்த நாளில், அப்போது மற்றவர்கள் கையில் எவ்வளவு முடங்கிக் கிடக்கும்?

மூன்று: பாரம் சுமப்பவர் மாறிக்கொண்டே இருக்கிறாரா, இல்லை இடம் சரியில்லை என்பதற்காக ஒருவரே கடைசி வரை சுமக்கிறாரா?

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கைதட்டலாம். இல்லையென்றால் அந்தத் திட்டத்தில் குறைந்த செலவு எவ்வளவு, கை மாறிய செலவு எவ்வளவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நம்மை பி.காம். படிக்க வைப்பதே இதற்குத்தானே.